மூன்றாவது கூப்பாடு

கொல்லிமலைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். பிற்பாடு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பழியைத் தூக்கி வீட்டுக்காரர் தலையில் போட்டிருக்கிறேன். பாவம், மனுஷன் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.

அவர் சேந்தமங்கலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அப்போது கோடை லீவு. உலகச் சண்டைக் காலம் வேறு. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அல்லாடி எனக்கு அலுத்துப்போயிருந்தது. சந்தைக்குப் பலாப்பழமும் மிளகும் கொண்டுவரும் மலைக்காரர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். “ஒருக்கா எங்க ஊட்டுக்கு வாங்க, அருவியெல்லாம் பாத்துட்டு வரலாமுங்க” என்று வருஷம் தவறாமல் கூப்பிடுவார். பிறந்ததிலிருந்து அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததுதான் மிச்சம், ஒரு தடவை போனால்தான் என்ன என்று பிடிவாதம் பிடித்தேன். ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஏறினோம். மகள் மலைக்காரர் தோளில் ராணி மாதிரி போனாள். நான் நூறு அடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தேன். “ஆசைப்பட்டது யாரு புள்ள?” என்று இவர் சிரித்தார்.

அவருடைய ஊர் மலைமேல் திருப்புலி நாடு என்கிற பகுதியில் ஒரு சரிவில் இருந்தது. இருபது வீடு இருக்கும். படிப்படியாகச் சாமைக் காடு, மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. முதல் நாள் அருவியைப் பார்த்தோம். அத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் நான் அதுவரை கண்டதில்லை. அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது என்று எழுதினால் பொய்யில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். வாசலில் பலாக்கொட்டைகளை வரிசையாக வைத்து மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்தில் விழித்துக்கொண்டேன். பலாக்கொட்டைகள் வரிசை கலையாமல் நனைந்துகொண்டிருந்தன. மகளைக் காணோம்.

பக்கத்து வீட்டில் ஒருத்தி பிள்ளை பெற்று ஏழு நாள் ஆகியிருந்தது. குழந்தையைப் பார்க்கப் போயிருப்பாள் என்று அங்கே ஓடினேன். இல்லை. இருபது வீட்டிலும் இல்லை. மழை விட்டதும் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்தது. பத்தடிக்கு அந்தப் பக்கம் மரம் எது மனுஷன் எது என்று தெரியவில்லை. ஊருக்குக் கீழே பாறைச் சரிவு. அங்கே கரடி இறங்கும் என்று முந்தின நாள்தான் மலைக்காரர் சொல்லியிருந்தார்.

மகள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. என் குரல் சரிவின் விளிம்பைத் தாண்டியிருக்காது. ஆண்கள் பிரிந்து போனார்கள். இவர் நாலு பேரோடு ஓடைப் பக்கம் போனார். மலைக்காரரும் நானும் பாறைப் பக்கம் இறங்கினோம். அவர்கள் தேடுகிற விதம் வேறாக இருந்தது. வாயைக் குவித்து நீளமாக ஒரே ஒரு கூப்பாடு போடுவார்கள். பிறகு மூச்சுக்கூட விடாமல் காது கொடுப்பார்கள். பதில் இல்லையென்றால் அந்த இடத்தை விட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். மலைக்காரர் குரல் மலைக்கு மலை போய் முட்டியது. ஒரு கூப்பாடு, அமைதி, நகர்வு. மறுபடியும் ஒரு கூப்பாடு.

ஆறேழு இடம் இப்படித் தாண்டியிருப்போம். சட்டென்று நின்றுவிட்டேன். அடிப் பாவி, நான் செய்த காரியம்!

மலைக்குக் கிளம்புவதற்கு முன் மகளை உட்கார வைத்து நான்தான் மிரட்டியிருந்தேன். “காட்டில் யாராவது ஒரு தரம் கூப்பிட்டால் வாயைத் திறக்காதே. அது காத்துக் கருப்பு. பேரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டால்தான் மனுஷங்க. அப்பத்தான் ஏன்னு கேக்கணும்.” எங்கள் பக்கம் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லுகிறதுதான். ஆனால் என் மகள் சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பிள்ளை. அவள் இந்தச் சரிவில் எங்கேயோ உட்கார்ந்து ஒவ்வொரு கூப்பாட்டையும் கேட்டுக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள்!

மலைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணா, பேரைச் சொல்லி மூணு தரம் கூப்பிடுங்க. ஒரு தரம் கூப்பிட்டா அவ பேச மாட்டா” என்று விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் செத்துப்போனது. “அது மட்டும் ஆகாதுங்க.”

“ஏனுங்க?”

“ஒரே எடத்துல நின்னு மூணு தரம் கூப்பிட்டா சாவுங்க. எதிர் மலைக்குப் பேரு கேக்காது, மூணுங்கறதுதான் கேக்கும். அவங்க வாங்கி அடுத்த மலைக்குச் சொல்லுவாங்க. அத்தன ஊரும் போட்டது போட்டபடி கெளம்பி வந்துரும். உசிரோட இருக்கற கொழந்த மேல அந்தக் கூப்பாட்டப் போடச் சொல்றீங்களா? எங்க வாயில வருமாங்க?”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “நாளைக்கு நிஜமாவே அந்தக் கூப்பாட்டைப் போடணுமா? இருட்டப் போகுது. உங்க வழக்கத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். விருந்துக்குக் கூப்பிட்டுச் சோறு போட்ட மனுஷனை அப்படிப் பேசினேன். நானே உரக்கக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தால் கட்டிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

அவர் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். சாவுக்குத்தான் அப்படிச் செய்வார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“கொழந்த பேரச் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது கூப்பாட்டில் அவர் குரல் உடைந்தது.

எதிர் மலையிலிருந்து மூன்று கூப்பாடு திரும்பி வந்தது. அதற்கும் அப்பால் இன்னும் மூன்று. எங்கேயோ ஒரு பெண் ஓலமிடுவது கேட்டது. என் மகள் செத்துவிட்டாள் என்று மலை மொத்தமும் சொல்லிவிட்டது போல இருந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எங்கள் காலுக்குக் கீழேயிருந்து, பாறை இடுக்கிலிருந்து, “ஏனுங்க?” என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

அந்த இடத்தை இரண்டு தரம் தாண்டிப் போயிருந்தோம். மழைக்கு ஒதுங்கினவள் இறங்கின வழி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். மலைக்காரர் அவளைத் தூக்கிவந்து என் மடியில் போட்டார். உடம்பெல்லாம் ஜில்லிட்டுப் பல் கிடுகிடுத்தது. அதிலும் பெருமை குறையவில்லை. “அவங்க ஒரு தரம்தாம்மா கூப்பிட்டாங்க. நான் பேசவே இல்லையே” என்றாள்.

ஊருக்குள் வந்து, இவரும் ஓடிவந்து, அழுது முடிப்பதற்குள் சனம் வரத் தொடங்கிவிட்டது. குழி வெட்டக் கடப்பாரையோடு ஆண்கள் வந்தார்கள். யார் போனது என்று யாரைக் கேட்பது எனத் தெரியாமல் நின்றார்கள். மலைக்காரர் ஒவ்வொருவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு நடந்ததைச் சொன்னார். எனக்கு நிமிர முடியவில்லை.

கடைசியில் ஒருத்தி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். கையில் மடித்த புதுப்புடவை, பிணத்துக்குப் போடுகிற கோடி. யாரையும் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்தாள். அந்த ஏழு நாள் பிள்ளைக்காரி அவளுடைய அக்கா. உள்ளே அக்காவும் குழந்தையும் சுகமாகத்தான் இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து நேராக என்னிடம் வந்தாள். அறையப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“எங்கக்கான்னு நெனச்சனுங்க” என்றாள். “ரெண்டு மலை ஓடியாந்தனுங்க.”

“தப்பு என் பேர்லதான். என்னை மன்னிச்சிரு தாயி” என்றேன்.

அவள் என் மகளைப் பார்த்தாள். ஈரப் பாவாடையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள் மகள். அந்த மழையில் அங்கிருந்த எல்லோர் துணியும், வாசலில் காயப்போட்டிருந்த எங்கள் மாற்றுத் துணியும் நனைந்திருந்தன; ஈரம் படாதது அவள் கொண்டுவந்தது மட்டும்தான். அவள் கையிலிருந்த மடிப்பைப் பிரித்தாள். கோடி! என் கை தானாகத் தடுக்க எழுந்தது.

“ஈரத்தோட கெடந்தா காச்சல் வந்துரும் சாமி” என்று என் மகளிடம்தான் சொன்னாள்.

எழுந்த கையால் மகளின் ஈரப் பாவாடையை நானே அவிழ்த்தேன். அந்தப் பெண் கோடியை நாலு சுற்றாகச் சுற்றி, கழுத்தருகே முடிந்து, தலையையும் துவட்டிவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது. மகள் அந்தத் துணிக்குள்ளேயே தூங்கிப்போனாள். அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.