மில்லிமீட்டரும் பக்கத்து சீட்டும்

பம்பு செய்யும் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவருக்கு யாரோ மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் அளந்து சொன்னதை மனிதர் ஜென்மத்தில் நம்பியதில்லை. தானே ஒருமுறை அளந்தால்தான் தூக்கம் வரும்.

அவரிடம் ஐம்பது வருஷத்துப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே சீட்டு. பார்க்க ராஜா, உட்கார்ந்தால் மாட்டுவண்டியே தேவலை! பின்சக்கரம் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இருந்ததால், ஒன்று பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் சேர்ந்து எகிறும். ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்படி எகிறியதில் அவர் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டாள். எழுந்ததும், "இனிமே இதுல நான் ஏறினா என்னன்னு கேளுங்க" என்றாள். அதற்கப்புறம் ஊரே ஆசையாக ஏறிப் பார்த்தும், அவருக்கு மட்டும் பக்கத்து சீட்டு காலியாகவே இருந்தது.

கடைசியில் அச்சையே கழற்றிப் போட முடிவு செய்தார். இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியலை வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுக்கிவிட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் தனி ஸ்ப்ரிங். "அவங்கவங்க பள்ளத்துல அவங்கவங்க விழணும். அடுத்தவனை எதுக்கு இழுக்கணும்?" என்று மனைவிக்கு விளக்கினார்.

"இந்தப் புத்தி கல்யாணத்துக்கு முன்னாடி வந்திருக்கலாம்" என்றாள்.

நண்பர்கள், "ஓடற வண்டிய எதுக்குய்யா வெட்டறே?" என்றார்கள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று வேலை முடிந்தது. இனி உட்காருகிறவர்கள் எடைக்கு மணல் மூட்டை வைத்து ஸ்ப்ரிங்கின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டியதுதான்.

மனைவி தையற்கடை வைத்திருந்தாள். எவருடைய இடுப்பளவையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். நோட்டில் எழுதி, பட்டென்று மூடிவிடுவாள். அவளிடம் போய் எடை கேட்டார். மெஷினிலிருந்து கண்ணெடுக்காமல், "ஐம்பத்தெட்டு கிலோ" என்றாள்.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக, மனிதர் அளக்காமல் நம்பினார். அந்த எடைக்கே மூட்டை கட்டி வைத்து அவள் பக்கத்து ஸ்ப்ரிங்கைச் சரிசெய்தார்.

ஞாயிறு காலை அவள் ஒருவழியாகச் சம்மதித்து ஏறி உட்கார்ந்தாள். தன் சீட்டில் தன் எடைக்கு மூட்டையை வைத்துவிட்டு அவர் பின்னால் குனிந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தார். அவள் பக்கம் நாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, சக்கரத்தின் தலையும் லேசாக உள்ளே சாய்ந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில்கூட மறைத்துவிடலாம், ஸ்ப்ரிங்கில் முடியுமா? மனக்கணக்குப் போட்டார். பத்து கிலோ கூடுதல்!

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. "என்னங்க, ஏதாவது தப்பா?" குரல் சுரத்தில்லாமல் வந்தது. இறங்கிவிடுவாளோ என்று அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"என் தப்பும்மா. மணல் காஞ்சுபோயி எடை குறைஞ்சிருக்கு."

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'என் தப்பு' என்று அவள் கேட்டதே இல்லை. ஸ்ப்ரிங்கின் நட்டை இரண்டு சுற்று ஏற்றினார். தன் கணக்கு நோட்டை எடுத்து ஒரு எண்ணை அடித்து, வேறு எண் எழுதி, பட்டென்று மூடினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூட்டையை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார். தெருமுனையில் அதே பழைய பள்ளம். சக்கரம் இறங்கி ஏறியது, இடுப்புக்குச் சேதியே போகவில்லை.

"எத்தனைன்னு எழுதினீங்க?"

"எங்க கடைலயும் வெளிய சொல்றதில்ல."

அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு, "ஸ்கூல் பக்கம் இதைவிடப் பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு. அப்படியே வண்டிய அங்க விடுங்க" என்றாள்.