சர்க்கரைச் சொம்பின் கண்ணாடி மூடி

மதுரைப் புதூரில் கனகலட்சுமியைத் தெரியாதவர்கள் என்றால், அவர்கள் இட்லி மாவு வாங்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும். பரமக்குடியிலிருந்து இருபது வயதில் வாழ வந்தவள். ஐம்பத்தாறு வயதிலும் விடிந்ததும் கிரைண்டரைப் போட்டுவிடுவாள். எதற்கும் கலங்காத மனுஷி என்று தெருவே சொல்லும். அந்த மனுஷியே, கள்ளழகர் மலையை விட்டு மதுரைக்கு வருவதற்கு முந்தின நாள் கலங்கிப் போனாள். காரணம் ஒரு கண்ணாடிச் சாமான்.

பச்சைக் கண்ணாடி. பூசணிக்காய் போல வயிறு, மேலே குட்டிக் கழுத்து, கீழே மூன்று கால். அடிப்பக்கம் வட்டமாகத் திறந்திருக்கும். அந்தத் திறப்பைச் சுற்றிக் கண்ணாடி உட்புறமாக மடிந்து வாய்க்கால் போல ஓடும்.

மகன் விஜய்ஆனந்துக்கு மூன்று வயதில் விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தபோது மாமியார் நேர்ந்துகொண்டாள்: வருஷா வருஷம் அழகர் வரும்போது வாசலில் சர்க்கரைச் சொம்பு வைக்கிறோம், அவர் கடந்து போகும்வரை தீபம் அணையாது என்று. சொம்பு நிறைய நாட்டுச்சர்க்கரை, அதன்மேல் வாழையிலைத் துண்டு, அதன்மேல் அகல். சித்திரைக் காற்றுக்கு மறைப்பாக இந்தக் கண்ணாடி. காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குச் சேலை கொண்டுபோன மாமனாருக்கு அங்கே கொடுத்தது. சுடர் அடித்திறப்பு வழியே உள்ளே நிற்கும், புகை கழுத்து வழியே போகும், மூன்று காலும் சொம்பின் விளிம்பில் அளவெடுத்ததுபோல் உட்காரும். விளக்கு மூடி இல்லாமல் வேறென்ன? முப்பது வருஷமாகத் தீபம் ஒருமுறைகூட அணைந்ததில்லை. இந்த வருஷம் மருமகள் ரம்யாஸ்ரீக்கு ஒன்பதாம் மாதம்.

கழுத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அந்த இடத்தைத் தேய்த்து மழுக்கி வாங்கத்தான் அன்று கீழவாசலில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் தவசியிடம் போனாள். தவசி வெயிலில் தூக்கிப் பார்த்தான், நகத்தால் சுண்டினான், கழுத்தைத் தடவினான்.

"சீமைச் சரக்குக்கா. வாயால ஊதிச் செஞ்சது. உள்ள குமிழ் பாருங்க, ஒண்ணு சாஞ்சு, ஒண்ணு நிமுந்து. மெசின்ல செஞ்சா இப்பிடி வராது. எந்த தேசம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், முத்திரை இல்ல. ஆனா எதுக்குன்னு சொல்லுவேன்."

"அதான் தெரியுமே. வெளக்கு மூடி."

"இல்லக்கா. ஈப் பிடிக்கிறது."

"எதப் பிடிக்கிறது?"

"ஈ! தொரைமாரு சாப்பாட்டு மேசையில வைப்பாக. இந்த வாய்க்கால்ல சீனித் தண்ணி ஊத்தி, கழுத்த அடச்சு வச்சிருவாக. ஈ கீழ பூந்து, வெளிச்சத்தப் பாத்து மேல பறக்கும். வெளிய வர வழி தெரியாம தண்ணியில விழுந்து சாகும்."

"வாயக் கழுவுடா! சாமி சாமான் அது!"

தவசி அதை மேசையில் வைத்து, மிச்சமிருந்த டீயை வாய்க்காலில் ஊற்றிக் காட்டப் போனான். கனகலட்சுமி டீ கிளாசைத் தட்டிவிட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று. கண்ணாடிக்கு அடியில் தேங்கிய டீக்கு ஓர் ஈ வந்தது, குடித்தது, நேரே மேலே ஏறியது. தவசி கழுத்தை உள்ளங்கையால் பொத்தினான். ஈ உச்சியிலேயே முட்டி முட்டிச் சுற்றியது. கீழே அத்தனை பெரிய வாசல் திறந்து கிடப்பது அதற்குத் தெரியவே இல்லை.

கனகலட்சுமி கண்ணாடியைப் பிடுங்கித் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டில் சௌராஷ்டிரமும் தமிழும் கலந்துதான் பேசுவார்கள். சண்டை என்று வந்தால் மட்டும் அவளுக்கும் புருஷன் துளசிராமுக்கும் முழுத் தமிழ்தான் வசதி.

"ஈ செத்த ஏனத்துல சாமிக்கு வெளக்கு வச்சிருக்கோம்ங்க."

"நம்ம வீட்டுல ஒரு ஈயாவது அதுல செத்துச்சா?"

"காரைக்குடியில செத்திருக்கும்ல?"

"செத்த ஈயெல்லாம் வந்து ஒன்கிட்ட அழுதுச்சாக்கும். இம்புட்டு வருசம் தீ எரிஞ்சிருக்கு, தீட்டெல்லாம் அதுல போயிருக்கும். பேசாம எடுத்து வையி."

வாய்க்காலில் ஒரு மஞ்சள் கறை உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. "இந்த வருசம் கண்ணாடி கெடையாது" என்று ஒரே பிடியாய் நின்றாள். சொல்லிவிட்டாளே தவிர, கண்ணாடியைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. வைத்தால் அசுத்தம், வைக்காவிட்டால் காற்று. இதில் எது ரம்யாஸ்ரீ வயிற்றுப் பிள்ளையைத் தொடும்?

மறுநாள் காலை, தெரு முனையில் வேட்டுச் சத்தம் கேட்டது. வாசலில் முக்காலியின் மேல் சொம்பு, அகலில் மூடாத தீபம். கனகலட்சுமி ஒரு கையால் அணைகட்டி நின்றாள். ரம்யாஸ்ரீ இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"அத்தே, கண்ணாடி எங்க?"

"ஒடஞ்சு போச்சு."

"அப்ப முந்தானைக்குள்ள பொடைச்சுக்கிட்டு இருக்கிறது என்ன? எனக்குத்தான் மாசம், ஒங்களுக்குமா?"

கனகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. "அது ஈப் பிடிக்கிற பொறிடி" என்றாள். "வெளக்கு மூடியே இல்ல."

ரம்யாஸ்ரீ சொம்பைப் பார்த்தாள். "சர்க்கரையச் சுத்தி எம்புட்டு ஈ மொய்க்குது பாருங்க. ஈப் பிடிக்கிற சாமானுக்கு இங்கயும் சோலி இருக்கு."

"வெளையாடாதடி!"

அழகரின் பல்லக்கு தெருவுக்குள் திரும்பியது. கூட்டம் நெருக்கியடித்தது. அதோடு புழுதிக் காற்று ஒன்று வந்தது. சுடர் அப்படியே படுத்தது, நீலப் பொட்டாகச் சுருங்கியது. புத்தி முடிவெடுக்கும் முன்பே அவள் கை முந்தானைக்குள் போய்விட்டது. மூன்று காலும் சொம்பின் விளிம்பில் உட்கார்ந்தன. சுடர் ஒருமுறை விக்கியது, பிறகு மெல்ல எழுந்தது.

"கோவிந்தா!" என்று தெருவே கை தூக்கியது. கனகலட்சுமியின் இரண்டு கையும் கண்ணாடியைச் சுற்றியே இருந்தன, கண் சுடரிலேயே. சூடு ஏறியும் எடுக்கவில்லை.

மேளச் சத்தம் தேய்ந்தபின் துளசிராம் கூட்டத்திலிருந்து வியர்வையோடு வந்தார். "கொண்டை போட்டு சாமி எம்புட்டு அழகு! சேவை நல்லாக் கெடச்சுதா?"

"அணையல" என்றாள்.