“என் பிழை” என்று எழுதச் சொன்ன புவனேஸ்வரி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கில் ஒரு குழந்தைக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. “அக்கா போயிட்டா” என்றார் புவனேஸ்வரி அக்காவின் தங்கை.

வவுணதீவுப் பக்கத்தில் அக்கா குடும்பநல உத்தியோகத்தராக இருந்தார். அடுத்த பிரிவில் நான். பிள்ளை பெற்ற தாய்மாரை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் கடமை. வயல்வெளி வட்டைப் பாதைகளில் முள் அதிகம். அடிக்கடி சைக்கிளுக்கு ஒட்டுப் போடுவோம். வெளிநாட்டிலிருந்து வந்த அவருடைய தம்பி, ரியூப் இல்லாத ரயர் பூட்டிய சைக்கிள் ஒன்றைக் கொடுத்தார். அந்த ரயருக்குள் பால் போன்ற ஒரு திரவம் இருக்கும். முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துவிடும். ஆனால் எங்கள் வெயிலுக்குச் சில மாதங்களில் காய்ந்துபோகும். அவ்வப்போது பார்த்துப் புதிதாக ஊற்ற வேண்டும் என்று தம்பி சொல்லித்தான் கொடுத்தார். அக்கா மறந்துவிட்டார்.

ஒரு பங்குனி நண்பகல், பிள்ளை பெற்று ஆறு நாளான மனைவி சோர்ந்து கிடப்பதாக ஒருவர் அழைத்தார். அக்கா புறப்பட்டார். பாதி வழியில் முன் ரயர் முழுவதும் காற்று இறங்கிவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தும் ஓடியும் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. அந்தத் தாய்க்கு இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அம்புலன்சை அழைத்து, கூடவே ஏறிப் போனார். அவள் பிழைத்தாள்.

தாமதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாதக் கூட்டத்தில் அக்காவே எழுந்தார். “ரயருக்குள்ள பால் காஞ்சிருந்தது சேர். பாக்க வேண்டிய நான் பாக்கல்ல. என்ட பிழை.”

“சைக்கிள் பழுதானதையெல்லாம் அறிக்கையில் எழுதத் தேவையில்லை” என்றார் வைத்திய அதிகாரி.

“இல்ல சேர், எழுதுங்க.”

அந்த வீட்டுக்கும் போய்ச் சொன்னார். கணவர் கோபத்தில், “இனி இஞ்ச வராதீங்க” என்றார். அடுத்த வாரமும் போய் வாசலில் நின்றார்; கதவு திறக்கவில்லை. மூன்றாம் வாரம் அந்தத் தாயே குழந்தையோடு வந்து திறந்தாள்.

அதன்பின் மாதம் ஒருமுறை காற்றை இறக்கி, வால்வின் உள்ளாணியைக் கழற்றுவார். வால்வு கீழே வரச் சக்கரத்தைத் திருப்பி, பால் வடிந்து இறங்கும்வரை பொறுத்து, மெல்லிய குச்சியொன்றை விட்டுப் பார்ப்பார். நனைந்து வந்தால் சரி. இல்லாவிட்டால் புதிதாக ஊற்றிச் சக்கரத்தைச் சுழற்றிவிடுவார். பிறகு நானும் அப்படியொரு சைக்கிள் வாங்கினேன்.

நோய் முற்றி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருடைய பிரிவையும் நானே பார்த்தேன். “ரயரப் பாத்தயா புள்ள?” என்று கேட்டார். “பாத்தன்” என்றேன். பொய். வீட்டுக்கு வந்து பார்த்தேன். குச்சி காய்ந்தே வந்தது.

மறுநாள் போய், “நேற்று பொய் சொன்னன் அக்கா” என்றேன்.

“இப்ப ஊத்திட்டயா?”

“ஓம்.”

“அப்ப சரி” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

அவரைக் கொண்டுபோன பாதையின் இரு பக்கமும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வெட்டு மெசின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வரம்பில் நின்றார்கள். வயல் முழுவதும் சத்தம் அடங்கியது.

இனி யாரும் அவசரமாய்க் கூப்பிட மாட்டார்கள். மெள்ள, ஆறுதலாகப் போங்க, அக்கா.