புங்கமர நிழலில் நின்ற ஜீப்

அக்காவின் உள்ளங்கையில் கிடந்த மூன்று ஊக்குகளை நினைத்தால் இன்றும் எனக்கு வெறுப்பு பொங்குகிறது. ஊக்குகள் மேல் அல்ல, எங்கள் அதிகாரி மேல். எண்பதுகளின் நடுவில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கேழ்வரகுக் காட்டில் தொல்லியல் துறைக்காகக் காந்த அளவெடுத்தோம். மண்ணுக்கடியில் பழங்கால இரும்பு உலை புதைந்திருந்தால் அந்த இடத்தில் காந்த அளவு மாறும். கருவி அதை எண்ணாகக் காட்டும். எண்ணைக் குறிப்பது என் வேலை. கருவியின் கம்பைப் பிடித்துப் பயிரை மிதிக்காமல் நடந்தவர் காட்டுக்காரப் பெண்மணி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்தில் இரும்பு இருந்தால் அளவு கெடும் என்று, தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளை எல்லோர் முன்னாலும் அவரைக் கழற்ற வைத்தார் அதிகாரி.

ஊருக்குத்தான் உபதேசம். அவருடைய ஜீப் காட்டு மூலையில், புங்கமர நிழலில், வரப்பை ஒட்டியே நின்றது. தள்ளி நிறுத்தலாமா என்று ஒருமுறை கேட்டேன். “வெயில்ல நின்னா சீட்டு சுடும்யா” என்றார். வரைபடம் போட்டபோது அந்த மூலையில் மட்டும் எண்கள் எகிறியிருந்தன. உலை கிடைத்துவிட்டது என்று குதித்தார். வெள்ளிக்கிழமை மேலதிகாரி வருகிறாராம், அதற்குள் குழி வேண்டுமாம், பாதிக் காட்டை அறுக்கச் சொன்னார்.

கதிரில் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. அக்கா வீட்டில் அந்த வருஷத்துக் களிக்கு அதுதான் வழி.

“இன்னும் இருவது நாளு வுடுங்க சார், முத்திடும்” என்று கெஞ்சினார். அதிகாரி காதில் வாங்கவில்லை. அக்கா என்னிடம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க தம்பி. ஊக்கு இரும்புன்னா அந்த வண்டி இரும்பு இல்லீங்களா?”

வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அதையே சாக்காகச் சொல்லி இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

கழுத்தளவு தோண்டியும் செம்மண்தான் வந்தது, ஒரு ஓட்டுச் சில்லுகூட இல்லை. பச்சைக் கதிரை மாடுகள் தின்றன. உழவினால் தொல்லெச்சங்கள் சிதைந்துவிட்டன என்று அறிக்கை எழுதச் சொன்னார் அதிகாரி. பழி அக்காவின் ஏர்மேல் போனது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடமே கொடுத்தார். எழுதினேன்.

போன மாதம் தருமபுரியில் அந்த அதிகாரிக்கு எண்பதாவது பிறந்தநாள் விழா. வாழ்த்திப் பேச அழைத்திருந்தார்கள். நான் ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்குகிறவன். இனி என்னிடமிருந்து யாரும் எதையும் பறிக்க முடியாது. ஆனாலும் மேடையேறி, சார் எடுத்த அளவு ஒருநாளும் தப்பியதில்லை என்றுதான் பேசிவிட்டு வந்தேன். தூ!