ஐஸ்கிரீம் பெட்டியில் ஓர் ஊசி

முடக்குவாதம் வந்த மூன்றாவது வருடம், காலை நேரத்தில் என் விரல்கள் சாக்பீஸைக்கூடப் பிடிக்காது. ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கணவருக்குத் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட். கிளம்பும் முன் எனக்குக் காபி போட்டு, பிளாஸ்கில் ஊற்றி, மூடியை ஒப்புக்கு ஒரு சுற்று மட்டும் திருகி வைப்பார். நான் திறக்க வேண்டுமே. அவருக்கே வலது கையில் மூன்று விரல்தான். மீதி இரண்டை பிரஸ் மெஷின் தின்றுவிட்டது.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவள். அதனால் நோயைப் பற்றி அவருக்குப் பாடமே எடுத்தேன். செல்லின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. சேதிப் புரதம் ஒன்று அதில் வந்து உட்கார்ந்தால், செல் அழற்சிப் புரதங்களை வெளியே விடும். அவை அடுத்த செல்லின் ஏற்பியில் உட்காரும், அதுவும் விடும். கிருமி ஒன்றும் இல்லாமலே வீக்கம் பெருகும். மாதம் ஒருமுறை போடும் ஊசி அந்த ஏற்பியை அடைத்துவிடும்.

"சாவி ஓட்டையில ஈயத்தக் காச்சி ஊத்துறாப்ல. இன்னா டீச்சரம்மா, கரெக்டா?" என்றார்.

பிறகு வகுப்பில் அதையேதான் சொன்னேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை.

ஊசி குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. கரண்ட் ஷட்டவுன் நாளில் குவார்ட்டர்ஸ்காரர்கள் இட்லி மாவையும் பாலையும் ஜெனரேட்டர் உள்ள முனைக் கடையில் கொடுத்து வைப்பார்கள். அப்படி ஒரு நாளில் நான் பள்ளிக்குப் போயிருந்தேன், அவருக்கு விடுமுறை. மாலையில் நான் வந்ததும் ஊசிப் பெட்டியை நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"கடக்காரன் மாவோட வெக்கிறேன்னான். நான் உடல. ஐஸ்க்ரீம் பொட்டிக்கு அடில வெக்கச் சொன்னேன். மூணு தபா போய்ப் பாத்துட்டு வந்தேன்."

பிரித்தேன். மருந்து கல்லாக உறைந்திருந்தது. இந்த மருந்தும் ஒரு புரதம்தான்; உறைந்துவிட்டால், உருகினாலும் உதவாது. அடுத்த ஊசி அடுத்த மாதம்தான்.

கத்தியிருக்கலாம். அவரும் கத்துவார், சாப்பாட்டு நேரத்துக்குள் சரியாகியிருக்கும். நான் மரியாதை குறையாமல், நிதானமாகச் சொன்னேன்: "மெஷின்ல உங்களுக்கு விரல் மட்டும் போகலைங்க. மூளையும் சேர்ந்து போயிருக்கு."

சொல்லும்போது இனித்தது. அதை மறைத்துப் பயனில்லை. அவர் வலது கையை லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். மூடிய ஃப்ரிட்ஜிலேயே விட்டிருந்தால் போதும் என்று டாக்டர் போனில் சொன்னதையும், அவர் காதுபடத் திரும்பச் சொன்னேன்.

பத்து நாளில் என் மணிக்கட்டுகள் வீங்கின. காபி மட்டும் தவறவில்லை. வீக்கம் கண்ட மறுநாள் காலை பிளாஸ்கை எடுத்தேன், மூடி அசையவில்லை. முழங்காலிடுக்கில் வைத்துத் திருகினேன். பல்லால் கடித்தேன். மூன்று விரலை வைத்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு இறுக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

மாலையில் வந்தவர் மூடியைத் திறந்தார். ஆறிப்போன காபியைத் தொட்டியில் கொட்டி, பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்தார். மறுநாளும் எனக்குக் காபி போட்டு, அதேபோல் இறுக்கி மூடி வைத்துவிட்டுப் போனார்.