டேங்க் மூடியில் வைத்த பொட்டு

மாடு கட்டித் தண்ணீர் இறைத்த எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வந்த வருடம் அது. ஆயுத பூசைக்கு மறுநாளிலிருந்து இன்ஜின் பத்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். மஞ்சள் பயிர் வாடத் தொடங்கியது. கோவை மெக்கானிக் முழுதாகப் பிரித்துப் பார்த்தும் பழுது பிடிபடவில்லை.

மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக விழாது. காற்று புக இன்னொன்று வேண்டும். அடுப்படியில் தினமும் பார்ப்பதுதான். இன்ஜினின் எண்ணெய் டேங்க் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதிலிருந்த சின்னத் துளையில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் குத்திவிட்டேன்.

"இப்ப ஓட்டிப் பாருங்க."

இன்ஜின் பொழுது சாயும்வரை நிற்கவில்லை.

"மெக்கானிக் நீங்கதானுங்க, அம்மணி!" என்றார் அந்தக் கோவைக்காரர். என் கணவர் அதை ஊரெல்லாம் சொன்னார்.

பூசையன்று அந்த மூடிக்குச் சந்தனப் பொட்டு வைத்தது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அடைத்தவள் நான்தான். ஆனால் கண்டுபிடித்தவளும் நான்தானே!