வளைவில் அடிக்கும் ஹாரன்

ஊர் முடிந்து மரங்கள் தொடங்குகிற இடத்தில் பஸ் டிரைவரின் வீடு. கடைசி நிறுத்தமும் அதுதான். இருட்டியபின் வளைவில் அவர் ஹாரன் அடித்தால், மனைவி வாசல் விளக்கைப் போடுவாள். இலைகளுக்கு நடுவே அந்த வெளிச்சம் தெரிந்தால்தான் அவருக்கு வீடு வந்த மாதிரி.

அவள் செத்தபின் காலையில் கிளம்பும்போதே விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். வளைவில் ஹாரனும் அடித்தார்.

“பட்டப்பகல்ல எரியுதே, மறந்துட்டீங்களாண்ணா?” என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

“வயசாச்சுல்லம்மா” என்று மழுப்புவார்.

ஒரு நாள் ஹாரன் அடித்தும் மரங்களுக்குள் இருட்டாகவே இருந்தது. பெண்டாட்டி சாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சன் என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்களே, அந்த மனிதர் வாசற்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“பல்புதானேண்ணா போயிருக்கு. இதுக்குப் போயா அழறீங்க?”